அடுப்படிக்கு வந்த பிளக்

வயர்மேன் அந்தோணி அண்ணன் எங்கள் அடுப்படிச் சுவரில் உளியை வைத்துத் தட்டியதும், சுண்ணாம்பும் பழைய புகைக்கரியும் கலந்த காரமான வாசனை மூக்கில் ஏறியது. அப்போது அங்கே இருந்தவர்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா, அவருடைய அக்காவான என் அத்தை, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நான். அந்த வேலை யாருக்காக நடந்ததோ அந்த அம்மா மட்டும் இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள்.

யுத்தம் முடிந்த சமயம் அது. சின்னமனூரில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அம்மாவுக்கு வலக்கண்ணில் பூ விழுந்து பார்வை முன்பே போய்விட்டது. இப்போது இடக்கண்ணிலும் புண். இனி விறகுப் புகை பட்டால் இதுவும் நிலைக்காது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். சமைத்துப்போட வந்திருந்த அத்தையோ, அறுப்பு வந்ததும் சுருளிப்பட்டிக்குத் திரும்பியாக வேண்டும். அப்பா பல நாள் யோசித்து, மேகமலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் புறப்படும்போது விற்ற சாமான்களில் ஒரு "கரண்டு அடுப்பை" வாங்கிவந்தார். வட்டமான பீங்கானில் கம்பி சுருண்டு கிடந்தது. அதன் தகட்டிலிருந்த இங்கிலீஷை வாசிக்க எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர ஆளில்லை என்பதால் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தேன். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை, இருந்தாலும் எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

வீட்டில் கரண்டு இருந்தது, ஆனால் இரண்டு பல்பு எரிவதற்கு மட்டும், நான் தவழ்கிற காலத்தில் இழுத்தது. அந்தோணி அண்ணன் வயரை மூடிச் சுவரோடு ஓடிய மரச்சட்டத்தைப் பெயர்த்துக் காட்டினார். உள்ளே கரையான் மண். துணி சுற்றிய வயரை எலி கடித்து, செம்பு பளபளத்தது.

"அண்ணே, இதுல பல்பு எரியிறதே சாமி புண்ணியம். அடுப்பை மாட்டுனா வயரே அடுப்பா எரியும்" என்றார் அப்பாவிடம். மீட்டரிலிருந்து தடித்த வயராகத் தனியே இழுக்க வேண்டுமாம்.

"எல்லாம் ஒரே கரண்டுதான, அதுக்கு எதுக்குத் தடிச்ச வயரு?" என்று கேட்டேன்.

"ஏலே, கொடிக்காலுக்கு வெரல் அகலத்துலயா வாய்க்கா வெட்டுவீக? வாய்க்கா ஒடைஞ்சா சேறு. இது ஒடைஞ்சா தீ" என்றார். அன்று முழுவதும் சுவருக்குள் ஏதோ ஓடுவதாக நினைத்துக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுப்பு வயரைச் செருகும் பிளக்கை நெஞ்சுயரத்தில் வைக்கப் பார்த்த அந்தோணி அண்ணனை அத்தை தடுத்தாள். "அவ உக்காந்துல்லப்பா பொங்குவா. பொழுதுக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு சுச்சியைத் தட்டவா?" அடுப்பின் வயரும் ஒன்றரை முழந்தான் இருந்தது. ஆகவே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிளக் அமைந்தது.

அம்மா கட்டு அவிழ்த்து வந்தாள். நாலு நாள் புகையே இல்லாமல் சோறு பொங்கியது. கம்பி மெல்ல மெல்லச் செம்பருத்தி நிறத்துக்கு வருவதையும், சத்தமோ சாம்பலோ இல்லாமல் உலை கொதிப்பதையும் பார்க்கத் தெருப்பிள்ளைகள் வாசலில் கூடினார்கள்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளி விடிந்தால் அடுப்பைச் சாணம் கரைத்து மெழுகிக் கோலம் போடாமல் எங்கள் பக்கத்தில் உலை வைக்கமாட்டார்கள். எரியாத மண் அடுப்பை மெழுகி முடித்த அத்தை, இதுவும் அடுப்புத்தானே என்று, சுவரோடு சேர்த்துப் பிளக்கையும் ஈரச் சாணித்துணியால் ஓர் இழுப்பு இழுத்தாள். "ஆத்தா" என்று ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தை ஒரு மூலையில், சாணிச் சட்டி இன்னொரு மூலையில்.

எழுந்து உட்கார்ந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரோ கையைப் புடிச்சு ஒதறுனாக தம்பி. இந்த எழவு இங்கன இருக்க வேணாம். நாளைக்கு இவளை அடிச்சா, கண்ணு போறதுக்கு முந்தி உசுருல்ல போகும்." அப்பாவும் மிரண்டுவிட்டார். கழற்றச் சொல்லி அந்தோணி அண்ணனுக்கு ஆள் போனது. கொல்லையிலிருந்து விறகுக்கட்டு உள்ளே வந்தது.

அந்தோணி அண்ணன் வந்து திருப்புளியை எடுத்ததும் அம்மா குறுக்கே வந்தாள். "கழட்ட வேணாம். பிளக்கை மேல ஏத்துங்க, அடுப்பையும் மேல ஏத்துங்க. நான் நின்னுக்கிட்டே பொங்குறேன்" என்றாள்.

"நின்னுக்கிட்டா? அது கல்யாண வீட்டுச் சமையக்காரக பொங்குறதுல்ல? குடும்பத்துப் பொம்பளை அடுப்பு முன்னால மரமாட்டம் நின்னா ஊரு சிரிக்கும்த்தா" என்றாள் அத்தை.

"சிரிக்கட்டும் மதினி. சிரிக்கிற மூஞ்சியைப் பாக்கக் கண்ணு வேணும்ல."

முதலில் சிரித்தது அந்தோணி அண்ணன்தான். கொத்தனார் வந்து இடுப்புயரத்துக்குச் செங்கல் மேடை கட்டினார். பிளக் நெஞ்சுயரத்துக்குப் போனது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அத்தை நச்சரித்ததில் அந்தோணி அண்ணன் சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்தார்: "இதுக்குக் கீழ ஒங்க சாணி. மேல என் கரண்டு."

இன்று எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் நின்றுதான் சமைக்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. எங்கள் அடுப்படி சிமெண்டுத் தரையாகிவிட்டது. வெள்ளிக்கிழமைச் சாணிச் சட்டியும் அதன் ஈர வாசனையும் போய்விட்டன. அம்மா அந்தியிலும் அரிசியில் கல் பொறுக்குகிறாள். கண்ணுக்கு என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், துரையின் அடுப்பு, வயர், இரண்டு முறை பிளக் வைத்த கூலி, கொத்தனார், செங்கல் எல்லாவற்றையும் மனத்துக்குள் கூட்டிவைத்திருப்பவள் முறத்திலிருந்து தலை நிமிராமல் சொல்வாள்:

"ஒரு கண்ணு, நாப்பத்தேழு ரூவா பத்தணா."