கேரல் பாடப் போன வீடு

அந்த வருடம் கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு எந்தெந்த வீடுகளுக்குப் போவது என்று பேச, ஆராதனை முடிந்ததும் கோயிலின் பின்னறையில் கூடினோம். பட்டியலில் டாலிகஞ்ச் வீடு வந்தது. எங்கள் பாடகர் குழுத் தலைவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இந்த வருடம் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது.

கொல்கத்தாவில் எங்கள் தமிழ்ச் சபை சின்னது. வங்கி, ரயில்வே, துறைமுகம் என்று மாற்றலில் வந்தவர்கள்தான் அதிகம். வங்காளிச் சபையாரின் கோயிலில், அவர்களுடைய ஆராதனை முடிந்தபிறகு நாங்கள் கூடுவோம். யாருக்காவது மாற்றல் வந்தால் பாட்டில் ஒரு குரல் குறைந்துவிடும். அவ்வளவு சின்னச் சபையில் ஒரு பிள்ளை இறந்துபோவது எல்லோர் வீட்டிலும் நடந்த மாதிரிதான்.

செப்டம்பரில் அந்த டாலிகஞ்ச் வீட்டில் அது நடந்தது. டெங்கு. ஆறு வயதுப் பையன். காய்ச்சல் விட்டுவிட்டது, இட்லி கேட்டான் என்று அவன் அம்மா என் மனைவிக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னாள். மறுநாளே பிளேட்லெட் வேண்டும் என்று சபையின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அன்று நான் ஜெபித்ததுபோல் பல வருடங்களாக ஜெபித்ததில்லை. வங்கியில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கோப்புகளுக்கு நடுவே தலையைக் கவிழ்த்துக் கெஞ்சினேன். மாலையில் பிள்ளை போய்விட்டான்.

அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லும் நாலு வரியைத் தவிர என் வாயில் ஜெபம் வரவில்லை. இதை என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. கோயிலுக்குப் போனேன், பாடினேன், காணிக்கைப் பையை வாங்கிப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தேன்.

பிள்ளையின் அம்மா அடக்கத்துக்குப் பிறகு கோயிலுக்கு வரவேயில்லை. அப்பா ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. துறைமுகத்தில் என்ஜினியர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவார். போதகர் ஒருமுறை பிரசங்கத்திலேயே, விசுவாசம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவரைக் காட்டிச் சொன்னார். அவர் மனைவிக்காக எல்லோரும் ஜெபித்தோம். அவருக்காக ஜெபிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீடுகளைப் பேசி முடித்த இரண்டொரு நாளில் பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தாள். என் மனைவிக்கு இல்லை, எனக்கு. எங்கள் கேரல் குழுவில் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போடுகிறவன் நான்தான். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி ஒட்டிய முகமூடி, கையில் மிட்டாய்ப் பை.

"அண்ணே, இந்த வருஷம் எங்க வீட்டுக்கு வருவீங்கல்லா?"

நான் எதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. எங்கள் வீட்டை விட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன், அது வேண்டாம் என்றாள். எப்போதும் வருகிற மாதிரியே வர வேண்டும், தாத்தாவும் வர வேண்டும் என்றாள். போனை வைக்கும் முன், "எங்க வீட்டுல அவங்ககிட்ட நான் பேசினதைச் சொல்லாதீங்கண்ணே" என்றாள்.

மறுநாள் மதியம் அவள் கணவர் நேராக என் வங்கிக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார். சபையார் இந்த வருடம் வரப்போவதில்லை என்று அண்ணாச்சி சொன்னாராம். அதற்கு நன்றி சொல்ல வந்தாராம். அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"யார் கூப்பிட்டாலும் வந்துராதீங்கண்ணே. அவ தாங்க மாட்டா."

அவளிடம் தான் இங்கே வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று அவரும் கேட்டுக்கொண்டார். பேப்பர் வெயிட்டை வைத்துவிட்டு, டீ வருவதற்குள் போய்விட்டார்.

அன்று மாலை கரியாஹாட் கடைத்தெருவில் கேக்குக்கு முந்திரியும் திராட்சையும் வாங்கிக்கொண்டு நடக்கும்போது என் மனைவியிடம் இரண்டையும் சொன்னேன். நடைபாதைக் கடைகளில் சிவப்புத் தொப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் எங்களை நெட்டித் தள்ளியது. அவள் திராட்சைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு, பெற்றவள் வாய்விட்டுக் கூப்பிடுகிறாள், போகாமல் எப்படி இருப்பது என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்கிறாரே என்றேன்.

"அவர் அவளுக்காகச் சொல்றாரு. அவ தனக்காகவே சொல்றா. யாரு சொல்றதக் கேட்கணும்?"

அவள் சொன்னது சரியாகப் பட்டது. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. போன வருடம் அந்தப் பையன் என்னைக் கண்டு பயந்து அழாமல், என் அங்கியைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து குதித்தவன். அந்த வீட்டுக்குள் அதே வேஷத்தில் நான் எப்படி நிற்பேன்? போய் நின்று எதைச் சொல்வேன்? தேவன் நம்மோடு இருக்கிறார் என்றா?

அண்ணாச்சியிடம் பிள்ளையின் அம்மா கூப்பிட்டதை மட்டும் சொன்னேன். அவர் வீடுகளின் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு, சரி, கடைசி வீடாக வைத்துக்கொள்வோம் என்றார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு மதியமே வேனில் கிளம்பினோம். இரவில் பாடினால் குடியிருப்புச் சங்கங்களில் புகார் வருகிறது என்பதால் இப்போதெல்லாம் பகலில்தான் போகிறோம். முதலில் ஹவுரா. அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் டிரம்மும் கிடாருமாக ஒரே ஆரவாரம். ஹிந்திக்காரப் பிள்ளைகளெல்லாம் என் பின்னால் ஓடிவந்தார்கள். திரும்பும்போது பாலத்தில் நெரிசல். வேன் ஊர்ந்தது. டாலிகஞ்ச் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மெட்ரோ ஸ்டேஷனைத் தாண்டியபோது கிடார்காரர் கிடாரை உறையில் போட்டு மூடினார். முகமூடி என் மடியில் கிடந்தது.

வேன் நின்றதும் அண்ணாச்சி, டிரம்மை எடுக்க வேண்டாம் என்று சைகை காட்டினார். அந்த வீட்டு பால்கனியில் காகித நட்சத்திரம் தொங்கியது, உள்ளே விளக்கு எரிந்தது. என் மனைவி என் கையைத் தொட்டு அதைக் காட்டினாள். நான் முகமூடியைப் போட்டுக்கொண்டு படியேறினேன். மூச்சுக் காற்று முகத்திலேயே அடித்தது.

கதவைத் திறந்தது அவர்தான். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லாண்ணே," என்றார் தாழ்ந்த குரலில்.

அவர் பின்னாலிருந்து அவள், "வாங்க, எல்லாரும் உள்ள வாங்க" என்றாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். என்ன சொன்னீங்க, எப்போ சொன்னீங்க என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே இருவருக்கும் எல்லாம் புரிந்துபோயிற்று. அவர் வழியை விட்டு விலகி, சமையலறை வாசலில் போய்ச் சாய்ந்து நின்றார்.

சின்ன ஹால். நாங்கள் சுவரோரமாக ஒட்டி நின்றோம். மேஜையில் கேக் வெட்டி வைத்திருந்தாள். அவள் நல்ல சேலை கட்டியிருந்தாள், மெலிந்திருந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, டிரம் எங்கே என்று கேட்டாள். கீழே வேனில் இருக்கிறது என்று அண்ணாச்சி முணுமுணுத்தார்.

"ஏன், இங்க நாங்க ரெண்டு பேரும் உசுரோடதான இருக்கோம்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோல் கேட்டாள். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர் இறங்கிப் போய் டிரம்மைக் கொண்டுவந்தார். ஒரு பாட்டுப் பாடினோம். டிரம்மை விரல் நுனியால்தான் தட்டினார்கள். நான் ஆடவில்லை, ஒரு மூலையில் நின்றேன். சமையலறை வாசலில் நின்ற அவர் அந்தப் பாட்டை வாயசைத்துக்கூடப் பாடவில்லை. கோயிலில் அவ்வளவு சத்தமாகப் பாடுகிறவர்.

ஒவ்வொரு வீட்டிலும் பாட்டுக்குப் பிறகு வேதத்திலிருந்து ஒரு பகுதி வாசித்து ஜெபிப்பது வழக்கம். அண்ணாச்சி புத்தகத்தைத் திறந்தார். மேய்ப்பர்களைப் பற்றிய பகுதிதான், எல்லா வீட்டிலும் வாசித்தது. அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"தாத்தா வாசிக்கட்டும். முகமூடிய எடுத்துட்டு வாசிங்கண்ணே. சாஸ்திரிகள் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் வரும்லா, ராஜா பிள்ளைங்கள எல்லாம் கொல்லச் சொல்றது. அது."

பிறந்த பாலகனைத் தேடி ராஜா ஊர்க் குழந்தைகளையெல்லாம் கொன்ற அந்தப் பகுதியைக் கிறிஸ்மஸ் கேரலில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. மேய்ப்பர், நட்சத்திரம், அதைப் பார்த்து வந்த சாஸ்திரிகள், அவர்கள் வைத்த பொன், தூபம், அத்தோடு மூடிவிடுவோம். முகமூடியைக் கழற்றினேன். தாடிப் பஞ்சு உதட்டில் ஒட்டியிருந்தது. புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைத் தேடினேன்.

"அத வாசிக்காதீங்கண்ணே," என்றார் அவர், வாசலிலிருந்து.

"வாசிங்க," என்றாள் அவள்.

"போதும். எல்லாரும் கிளம்புங்க."

நான் அவரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன, குரல் எழும்பவில்லை. அவள் வந்து என் கையிலிருந்து புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டாள். நின்றபடியே தானே வாசிக்க ஆரம்பித்தாள். அவர் எங்களைத் தாண்டி, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

நானும் பின்னால் போனேன். ஓடிவிடுவாரோ, எங்காவது போய் எதையாவது செய்துகொள்வாரோ என்று பயந்துதான் போனேன். அவர் இரண்டு படி இறங்கி அங்கேயே உட்கார்ந்திருந்தார். சிவப்பு அங்கியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர் வீட்டு வங்காளி அம்மா கதவைப் பாதி திறந்து பார்த்தார். டிரம் சத்தம் கேட்டு வந்திருப்பார். எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தாமலே உள்ளே போய்விட்டார்.

உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள். பிள்ளைகளை இழந்த தாய் ஆறுதலே வேண்டாம் என்று அழுவதைச் சொல்லும் இடம் வந்தது. அங்கேயும் குரல் உடையவில்லை. இவர்தான் உடைந்தார். முழங்காலுக்கு நடுவே தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சத்தம் வெளியே வராதபடி சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு அழுதார்.

கொஞ்சம் அடங்கியதும் பேசினார். "நான் ஜெபிக்கவாண்ணே கோயிலுக்கு வாரேன்? வீட்டுல இருக்க முடியல. அங்கன்னா எல்லாரும் பாடுவாங்க. சத்தத்துல ஒண்ணும் தெரியாது."

அவள் ராத்திரியெல்லாம் நன்றாகத் தூங்குகிறாள், பிள்ளையைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறாள், தனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை என்றார். அவள் தாங்க மாட்டாள் என்று என் அறையில் நின்று சொன்னது அவரைப் பற்றித்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். சபையில் நாங்கள் சொல்லும் வார்த்தைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்றையும் என்னால் நம்பிச் சொல்ல முடியவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன். "நானும் செப்டம்பர்லேர்ந்து ஜெபிக்கல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கண்ணீரும் சளியுமாக இருந்தது. "நீங்களுமா?" என்றார். அந்தக் குரலில் குற்றம் சொல்வதாக எதுவும் இல்லை. உட்கார இடம் கிடைத்தவர் குரல்போல இருந்தது.

உள்ளே வாசிப்பு முடிந்திருந்தது. ஒருவரும் ஜெபிக்கவில்லை. பிறகு பெண்களில் யாரோ மெல்லப் பாட ஆரம்பித்தார்கள். என் மனைவி என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் தாலாட்டு மெட்டில் பாடுகிற பழைய பாட்டு. நாங்கள் இருவரும் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் உள்ளே போகவில்லை. எல்லோரும் கேக் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கியபோது எழுந்து வழிவிட்டார். அண்ணாச்சி அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கிறிஸ்மஸ் அன்று காலை ஆராதனைக்கு அவள் வந்தாள். தனியாக. கோயிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி நகர்ந்து இடம் கொடுத்தாள். முன்வரிசையில் அவர் நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஆராதனை முடிந்ததும், அவர் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். விசுவாசத்தில் என்ன தளர்ச்சி என்று ஒருவர் என் காதுபடவே பேசினார். அவளிடம் நான் கேட்டேன்.

"தூங்குறாங்கண்ணே. இத்தன நாள்ல இப்பதான் இப்படித் தூங்குறாங்க. எழுப்பல."

வீட்டில் செய்த பிரியாணியை எடுத்துக்கொண்டு மதியம் அவளோடு டாலிகஞ்சுக்குப் போனோம். அவர் கதவைத் திறந்தார். கன்னத்தில் தலையணைச் சுருக்கம் பதிந்திருந்தது. லுங்கியோடு நிற்பதற்கு வெட்கப்பட்டு உள்ளே ஓடி பேண்ட் மாட்டிக்கொண்டு வந்தார். நால்வரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஜெபம் பண்ணுங்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கொஞ்சநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். அந்த அமைதியில் நான் ஏதோ ஒன்றை யாரிடமோ கேட்டேன். வார்த்தை எதுவும் இல்லை. அதை ஜெபம் என்று சொல்லலாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் முதல் வாய் எடுத்து வைத்துவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்றார். என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். எந்த டப்பாவில் இருக்கிறது என்று அங்கிருந்து கேட்டாள். அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.