மஞ்சள் தண்ணீர் பட்ட பில் மிஷின்

இரத்தோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் பில் போடும் மிஷின் எழும்பவில்லை என்று என்னைப் பழுது பார்க்க அனுப்பினார்கள். கேஷியர் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். என்னோடு பேசும்போதும் சேலைத் தலைப்பால் மிஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார். செத்த மிஷினை எதற்குத் துடைக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

மூடியைக் கழற்றினேன். உள்ளே போர்டு முழுவதும் மஞ்சள் கறை.

"வெள்ளிக்கெழம பூசைக்கு மொதலாளி மஞ்சத்தண்ணி தெளிப்பாருங்க. மிஷினுக்கும் சேத்துத்தான்" என்றார் மெதுவாக.

"வேணாம்னு சொல்லலயா?"

"சொன்னேங்க. சாமி காரியத்துல வாய வைக்காதன்னு ஏசுனாரு. அதான் தெளிச்சவொடனே தொடைச்சிருவேன். ரிப்போர்ட்டுல மிஷின் பழசுன்னு எழுதிருங்கண்ணே. தண்ணின்னு எழுதினா என் வேலை போயிரும்."

பொய் எழுத மாட்டேன் என்றேன். யோக்கியன் என்ற திமிர். 'தண்ணீர் புகுந்து பழுது' என்று எழுதினேன். யார் தெளித்த தண்ணீர் என்று எழுதவில்லை.

முதலாளி வாசித்தான். "தண்ணி போத்தல மிஷின் பக்கத்துல வைக்காதன்னு எத்தன தரம் சொன்னேன்? நாளைக்கு வராத" என்றான் அவரிடம். நான் கழற்றிய திருகாணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன். அவர் மிஷினை இன்னொரு தடவை துடைத்துவிட்டு, "வாறேங்கண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னை ஏசியிருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை புது மிஷினை மாட்டினேன். முதலாளி செம்போடு வந்து அதன் தலையில் தெளித்தான். துடைக்க யாரும் வரவில்லை.