பெயர் சொல்லக் கூடாத திட்டு

பழவேற்காட்டில் மீன் வாசனை இல்லாத இடம் என் சின்ன வயதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒல்லாந்தர் கோட்டைக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல்திட்டில் வரிசையாகப் போட்டிருந்த பனையோலைக் குடிசைகள்தான் அது. ஊர் முழுக்க வலையும் கருவாடும் மணக்க, அங்கே மட்டும் வேப்பிலையும் மஞ்சளும் உப்புப் போடாத கேழ்வரகுக் கூழும் மணக்கும். அம்மை கண்ட இடத்தில் மீன் சமைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது என்பதால், ‘ஆத்தா வீடு’ எங்கே இருக்கிறது என்று படகுக்காரர்களுக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும், ஒதுங்கிப் போய்விடுவார்கள். அந்த வாசனைக்குள் ஒரு மழைக்காலத்தில் பாதியை நான் படுத்தே கழித்தேன்.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. பொன்னேரிக்கும் மேற்கே, நெல் விளைகிற ஒரு சிற்றூரில் பிறந்தவன். என்னைப் பெற்ற கொஞ்ச காலத்தில் அம்மா போய்விட்டாள். நைனாதான் எனக்கு எல்லாம். எனக்கு எட்டோ ஒன்பதோ வயதாக இருந்தபோது மேற்கே சண்டை மூண்டது. யாரோடு யார் சண்டை போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்பதெல்லாம் பெரியவனான பிறகு நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிக் கேட்டதுதான். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குதிரைப்படை வருகிறது என்பதும், அது வந்துபோன ஊரில் வைக்கோல்போர்கூட மிஞ்சவில்லை என்பதும்தான். வயலில் நின்ற பயிரை அப்படியே விட்டுவிட்டு ஜனங்கள் கிழக்கே ஓடினார்கள். ஒல்லாந்தர் கொடி பறக்கிற ஊருக்குள் எந்தப் படையும் நுழையாது என்று யாரோ சொல்ல, அதை எல்லாரும் நம்பினார்கள்.

ஏரியின் மேற்குக் கரையில் கூட்டமான கூட்டம், படகுகளோ கொஞ்சம். குழந்தைகளும் காயம்பட்டவர்களும்தான் முதலில் என்று படகுக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நைனா என்னைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். “எறங்கின எடத்துலயே குந்திக்கினு இரு எல்லப்பா, அடுத்த படகுல வந்துடறேன்” என்றார். நான் தலையை ஆட்டுவதற்குள் படகைத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு காற்று மாறி ஏரி கொந்தளித்ததால் அன்று அடுத்த படகு வரவே இல்லை.

அக்கரையில் இறங்கும்போதே எனக்கு உடம்பு கொதித்தது. கோட்டை வாசலுக்கு வெளியே, ஓடி வந்தவர்களை நிற்க வைத்து ஒல்லாந்து வைத்தியர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சிவந்த முகம், மூக்கின்மேல் ஒரு துணி. அதற்குமுன் வெள்ளைக்காரரையே பார்த்திராத எனக்கு அவருக்குத்தான் ஏதோ வியாதி என்று தோன்றியது. வெட்டுக்காயமும் தீப்புண்ணும் பட்டவர்களுக்காக அவர் கிட்டங்கியைத் திறந்துவிடச் செய்திருந்தார். துணிமூட்டைகள் அடுக்குகிற அந்த நீளமான கட்டடத்தில் மனிதர்கள் வரிசையாகப் படுத்திருக்க, சாராயம் ஊற்றிப் புண்ணைக் கழுவிக் கட்டுகிற வேலை நாளெல்லாம் நடந்தது. அவர் என் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், பிறகு கிழக்கே திட்டின் பக்கம் கையைக் காட்டினார். இறங்கின இடத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் போட்ட கூப்பாட்டை யாரும் சட்டை செய்யவில்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அம்மைக்காரனைக் கூட்டத்துக்குள் விட்டிருந்தால் அந்தக் கூட்டமே போயிருக்கும்.

திட்டில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்கள் கோட்டைக்குப்பத்து மீனவப் பெண்கள். முன்பே அம்மை வந்து பிழைத்தவர்கள் அவர்கள். அது அவர்களை மறுபடி தொடாது என்பதால் தாங்களாகவே வந்தார்கள். எனக்கு வாய்த்தவள் கன்னியம்மா. முகமெல்லாம் தழும்பு, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது, பிள்ளைகுட்டி இல்லை. என்னை வாழையிலையில் கிடத்தி, வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொடுத்து, இளநீரைத் துணியில் நனைத்து உதட்டில் பிழிவாள். “கண்ணத் தொறம்மா தாயே. ஒரு வாய் குடிச்சுக்க என் ஆத்தா” என்று அவள் கெஞ்சுவது என்னைத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாடு மேய்த்து, மரம் ஏறி, நாலு பையன்களோடு கட்டிப் புரண்டவனைப் பார்த்துத் தாயே என்றால் எப்படி இருக்கும்! ஆனால் உடம்பில் அம்மை இருக்கிற வரைக்கும் அங்கே படுத்திருப்பவன் எல்லப்பனும் இல்லை, குப்பனும் இல்லை, ஆத்தாதான். பேரைக் கேட்கக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் ஆத்தா கோபித்துக்கொண்டு அந்தப் பேருக்குரியவனைத் தன்னோடு கொண்டுபோய்விடுவாள் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்குமே பயம் உண்டு.

அம்மை வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போய்ட்டு வரேன்’ என்றும் சொல்லக் கூடாது. கன்னியம்மா சொல்லாமல்தான் போவாள். கண் விழித்தால் குடிசை காலியாக இருக்கும், ஓலை சலசலக்கும், ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் கடலும் இரைந்துகொண்டிருக்கும். அவள் திரும்பி வரமாட்டாள் என்றே ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். பின்னாளில் மனைவியைப் பறிகொடுத்துத் தனியாக இருந்திருக்கிறேன், அப்போதுகூட அவ்வளவு தனிமையை நான் அனுபவித்ததில்லை. நைனா வந்திருப்பார், இறங்கின இடத்தில் என்னைத் தேடிக்கொண்டிருப்பார், அதை மட்டும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். தொண்டைக்குள்ளும் கொப்புளம் போட்டிருந்ததால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

எப்படியோ பிழைத்தேன். அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய காலையில் நல்ல வெயில் அடித்தது. குடிசைக்கு வெளியே என்னை உட்கார வைத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே கன்னியம்மா முதல் தடவையாக என்னைப் பையனாக நடத்தினாள்.

“உம் பேரு இன்னா கண்ணு?”

“எல்லப்பன்.”

துவட்டிய கை நின்றுவிட்டது. “உங்க நைனா நெட்டையா இருப்பாரா? தலப்பா கட்டினு, ஒரு கால லேசா சாச்சு நடப்பாரா?”

ஆமாம் என்றேன். அவள் ஈரத்துணியோடு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் நினைவு தப்பிக் கிடந்த நாட்களில் ஒரு மனிதர் கரையோரமாக “எல்லப்பா, எல்லப்பா” என்று கூவிக்கொண்டே வந்தாராம். குடிசைகளைச் சுற்றி வேப்பிலை கட்டியிருந்த கயிற்றை அவர் நெருங்கியதும் கன்னியம்மா வெளியே ஓடிவந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள். “இங்க பேர் சொல்லிக் கூவாதீங்க சாமி, உள்ள ஆத்தா இருக்கா” என்றிருக்கிறாள். அவர் பதறிப்போய்த் தன் வாயைப் பொத்திக்கொண்டார். தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, குடிசைகளைப் பார்த்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சத்தம் காட்டாமல் நடந்தார். கடைசிக் குடிசையைத் தாண்டி, பனைமரங்களுக்கு அப்பால் போன பிறகுதான் மறுபடி கூவத் தொடங்கினார்.

அவர் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல உடம்போடு படகில் ஏற்றிவிட்ட பிள்ளை அம்மைக் குடிசையில் கிடப்பான் என்று எந்தத் தகப்பனுக்குத் தோன்றும்? தோன்றியிருந்தாலும், அதை வாய்விட்டுக் கேட்பதே பிள்ளைக்கு ஆகாது என்று நினைத்திருப்பார். அவ்வளவு பயபக்தி அவருக்கு.

“நாந்தான் வாய மூடச் சொன்னேன், பாவி நாந்தான் சொன்னேன்” என்று கன்னியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கே என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்கும் துறைக்கும் நடந்தாள். அப்படி ஒருத்தர் தெற்கே பட்டணத்துப் பக்கம் போன படகில் ஏறினார் என்றான் ஒருவன். இல்லை, மேற்கே தன் ஊருக்கே திரும்பிவிட்டார் என்றான் இன்னொருவன். அவள் புருஷன் வேலையை விட்டுவிட்டுத் தெற்கே இருந்த குப்பங்களிலெல்லாம் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். சண்டை ஓய்ந்ததும் என்னை என் ஊருக்கே அழைத்துப்போய்க் காட்டினார்கள். கரியான சுவர்களுக்கு நடுவே புதிதாக ஓலை வேய்ந்துகொண்டிருந்த நாலைந்து குடும்பத்தார், நைனா அந்தப் பக்கம் வரவே இல்லை என்றார்கள்.

கன்னியம்மா என்னை வளர்த்தாள். கடைசி மூச்சு வரைக்கும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிட்டாள். என் பேரை மட்டும் அவள் வாயில் நான் கேட்டதில்லை. அவள்மேல் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை, என் உயிரே அவள் போட்ட பிச்சை. நைனாவின் குரல் அன்று எனக்குக் கேட்டது என்று ரொம்ப காலம் நானாகவே நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு எதுவும் நினைவில்லை.

இப்போது ஒல்லாந்தர் இல்லை, அவர்களுடைய கல்லறைகள்தான் இருக்கின்றன. கோட்டை செங்கல் மேடாகிவிட்டது, கிட்டங்கிக்குக் கூரை இல்லை. இங்கிலீஷ் கும்பினியார் அனுப்புகிற ஆள், அம்மை வராமலிருக்கப் பிள்ளைகளின் கையைக் கீறி மருந்து வைத்துவிட்டுப் போகிறான். அம்மைக் குடிசை என்றால் இந்தக் காலத்துப் பையன்கள் கதை என்கிறார்கள். முகத்துவாரம் இடம் மாறி, அந்தத் திட்டையும் கடல் தின்றுவிட்டது. படகில் அந்த இடத்தைக் கடக்கும்போது பையன்கள் ஒருவனை ஒருவன் பேர் சொல்லிக் கூவி விளையாடுகிறார்கள், யாரும் அதட்டுவதில்லை. அந்தக் குடிசை வரிசை ஒரு வலையை விரித்துக் காயப்போடுகிற நீளம்தான் இருந்திருக்கும். அந்தத் தூரத்துக்கு மட்டும் நைனா வாயை மூடிக்கொண்டு நடந்தார். ஆத்தா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அவர் ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்.