மௌனத்தை ஆராய்கிறவள்

இடது கை சின்னவனின் முதுகைத் தட்டிக்கொண்டிருக்க, வலது கை பழம்பாடல் ஒன்றின் நகலில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கும். தட்டுகிற தாளம் பென்சிலுக்கும் தாவிவிடுவதால், அவள் போட்ட கோடு ஒன்றாவது நேராக இருந்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிறாயா என்று நெறியாளர் ஒருமுறை கேட்டார். “கட்டில்லதான் சார். மடிதான் ஆடிட்டிருந்துச்சு” என்றாள்.

முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பு, ‘பழம்பாடல்களில் மௌனம்’. அதைப் பதிவு செய்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. வீட்டில் மௌனம் தாராளமாகக் கிடைத்தது. இப்போது மகளுக்கு நாலு வயது, மகன் தத்தித் தத்தி நடக்கிறான். மௌனத்தை அவள் பாடல்களில் மட்டும்தான் பார்க்கிறாள்.

தெருக்காரர்கள் பட்டம் வரும்வரை காத்திருக்கவில்லை. ‘டாக்டரம்மா’ ஆக்கிவிட்டு, சளிக்கும் இருமலுக்கும் யோசனை கேட்டு வருகிறார்கள். முதலில் விளக்கிப் பார்த்தாள். இப்போதெல்லாம், “வெந்நி குடுங்க, ரெண்டு நாள் பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். கைராசிக்காரி என்று பேர்கூட வந்துவிட்டது.

போன மாதம் ஆய்வுக்கான கெடு முடிந்தது. நீட்டிப்பு வேண்டுமென்றால் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் முன் நின்று பேசவேண்டும்; அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் பதிவே ரத்து. அன்று பார்த்து மகனுக்குக் காய்ச்சல், கணவருக்கு விடுப்பு இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போய் நின்றாள். அவள் இப்படியும் அப்படியும் ஆடியபடி பேசப் பேச, எதிரே இருந்த பேராசிரியர் ஒருவரும் தன்னையறியாமல் ஆடத் தொடங்கினாராம்.

குழுத் தலைவர் மட்டும் அசையவில்லை. குழந்தைகள் கொஞ்சம் வளர்ந்தபின் தொடரலாமே என்று பரிவாகச் சொல்லிவிட்டு, மௌனத்துக்கும் பேசாமல் இருப்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார்.

குறிப்புகளெல்லாம் பையின் அடியில், பால்புட்டிக்குக் கீழே கிடந்தன. குனிந்தால் பிள்ளை விழித்துக்கொள்வான்.

“பேசாம இருந்தா புள்ள தூங்குதுன்னு அர்த்தம் சார். மௌனமா இருந்தா செவுத்துல கிறுக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.”

சிரிப்பு அடங்குவதற்குள், பாடல்களில் தலைவி வாய் திறக்காத இடங்களிலெல்லாம் உள்ளே ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று பாட்டுப் பாட்டாக எடுத்துக் காட்டினாள். ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. அந்த விளக்கத்தையே கடைசி இயலாக எழுதச் சொன்னார் குழுத் தலைவர். சுவரை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம்.

அதை எழுதட்டும் என்று, சென்ற ஞாயிற்றுக்கிழமை கணவர் இரண்டு பிள்ளைகளையும் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனார். சாயங்காலம் வரைக்கும் வீடு அவளுக்குத்தான். மேசை முன் போய் உட்கார்ந்தாள். ஒரு வரி வரவில்லை. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தாள், மறுபடி போட்டாள். வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு தொலைக்காட்சியில் பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படத்தை வைத்து, சத்தத்தை நன்றாகக் கூட்டிவிட்டு, எழுத உட்கார்ந்தாள்.