நாலாவது தடவையும் மூன்று கோடு

வேதமூர்த்தி சார் போய்விட்டார் என்று போன் வந்தபோது ராயபுரத்தில், வீட்டு வாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. "அதுக்குள்ளயா?" என்றுதான் வாயில் வந்தது. இரங்கல் கூட்டத்துக்கு நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னீர்கள். அவரோடு ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டிய உங்களுக்குத் தெரியாததா? நல்ல வார்த்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

ஆட்டு ரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடிதான் என் ஆராய்ச்சி. அதைப் பிரித்து, ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் இரண்டு கோடு விழும். ஆடு அறுக்கும் இடமான புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து குப்பியில் கொண்டுவந்த ஓர் ஆட்டின் ரத்தத்துக்கு மூன்று விழுந்தது. பிறவியிலேயே அந்தப் புரதத்தின் அமைப்பு வேறு என்று குதித்தேன். என் முனைவர் பட்டமே அதில்தான் இருந்தது. சார் கண்ணாடிகூடப் போடவில்லை. "தொட்டியில நாலு ஆட்டு ரத்தத்தை ஒரே சட்டியில பிடிப்பான். இது கலப்படம்." குப்பியின் மேல் சிவப்பு மையில் அதையே எழுதியும் வைத்தார்.

ரத்தப் பொரியலுக்கு விற்க அங்கே அப்படிப் பிடிப்பது வழக்கம்தான். ஆனால் ஆட்டை அறுத்த மஸ்தான் பாய் கொதித்துப்போனார். "உன் குப்பியில ஒரே ஆட்டு ரத்தந்தாம்மா புட்சேன். உங்க சார் இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிகினு கீறாரு? அதோட தாய் ஆடு திருவொற்றியூர்ல கீது, போய் பாரு."

போனேன். தாய் ஆட்டிடமும் அதன் இன்னொரு குட்டியிடமும் நானே ஊசி போட்டு ரத்தம் எடுத்தேன். இரண்டிலும் மூன்று கோடு. பரம்பரையாக வருவது என்பதற்கு வேறென்ன வேண்டும்? சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மூணு தடவையும் ஒரே தப்பு. தப்புலயாவது ஒழுங்கா இருக்கியே, ஸ்டெல்லா." அந்த அத்தியாயத்தை அடித்துவிட்டார். வேறு தலைப்பில் முதலிலிருந்து எழுதி, மூன்று வருஷம் தாமதமாகப் பட்டம் வாங்கினேன். அதை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனார் என்பதற்காக இப்போது மன்னிக்கவும் போவதில்லை.

அவர் கையெழுத்தோடு என்னிடம் இருப்பது அந்தக் குப்பி ஒன்றுதான். இத்தனை வருஷமாக உறைபெட்டியில் ஒளித்து வைத்திருந்தேன். என்றாவது ஒரு நாள் அவரை எதிரே உட்காரவைத்து, கண்ணாடியைப் போடச்சொல்லி, ஓட்டிக் காட்ட வேண்டும் என்று. நேற்று மயானத்துக்குப் போகவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போய் அதை ஓட்டினேன்.

மூன்று கோடு, வேதமூர்த்தி சார். பளிச்சென்று. ஜெல்லைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டியிருந்த உங்கள் அறைக் கதவைப் பழக்கத்தில் தட்டிவிட்டேன்.