செவலைக்குச் சுட்ட மீன் அடை

பலராமன் முடிவாகச் சொல்லிவிட்டான். ஐப்பசி முதல் தேதிக்குள் சொறி பிடித்த நாய் செவலையின் முதுகில் மயிர் முளைக்கவில்லையென்றால் பக்கிரியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவது. குருவிநத்தத்தில் வெறிநாய், சொறிநாய்களைக் கயிறு போட்டு இழுத்துப்போய் அடித்துப் புதைக்கிறவன் பக்கிரி.

"மாட்டுக்கு ஒட்டிக்கிச்சின்னா இன்னாடி பண்ணுவே? கரும்பு வெட்ற நேரத்துல வண்டிய நீ இழுப்பியா?"

ருக்குமணி அவன் மனைவி. பண்டசோழநல்லூரிலிருந்து வாழ வந்து இருபத்தாறு வருஷம். சொல்லிச் சொல்லி ஓய்ந்த வாய். கரும்புக் கொல்லையில் நரி புகுந்த போதெல்லாம் குரைத்து விரட்டியது செவலைதான். அது போனால் காவலுக்கும் தன்னைத்தான் அனுப்புவான் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. அவள் சாணி தட்டும் போது பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ள அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

புங்க எண்ணெயில் கந்தகம் குழைத்துத் தடவினாள். நாய் அதை நக்கிவிட்டு வாந்தி எடுத்தது. மீனவர் குப்பத்திலிருந்து மீன்கூடை சுமந்து வரும் காசம்மாள்தான் வழி சொன்னாள்.

"மேல தடவி இன்னாம்மா ஆவும்? எண்ணெ வயித்துக்குள்ள போவணும். கவலை மீனக் குடுத்துப் பாரு, அதுல எண்ணெ சாஸ்தி. எங்க குப்பத்து நாயிங்க மேலு எப்பிடி மின்னுது!"

ருக்குமணி முதல் தடவை வீட்டிலிருந்த கருவாட்டை இடித்துப் போட்டாள். கை வழக்கத்தில் மேற்கொண்டு ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தாள். செவலை ஒரு பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, ரத்தம் வரச் சொறிந்துகொண்டது. காசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாயிக்கு ஊறுகாயா போட்டே? உப்பே ஆவாது. பச்சை மீனா வேவ வையி."

பிறகு சரியாக வந்தது. கவலை மீனைக் கழுவி, உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு மசிப்பாள். அவித்த பறங்கிக்காயும் கேழ்வரகு மாவும் போட்டுப் பிசைந்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுச் சின்னச் சின்ன அடையாகத் தட்டுவாள். வரட்டித் தணலில் மண்சட்டியை வைத்து மொறுமொறுப்பாகச் சுட்டு எடுத்தால் மூன்று நாளைக்கு வரும். ஆவணி முடிகிற நேரத்தில் செவலையின் கழுத்தோரம் பூனைமயிர் போல ஏதோ துளிர்த்திருந்தது.

அப்போது பார்த்துப் புரட்டாசி பிறந்தது. நாமம் போடுகிற குடும்பம். அந்த மாதம் முழுக்க மீன் வாசற்படி தாண்டக் கூடாது. பாதியில் நிறுத்தினால் முளைத்ததும் உதிர்ந்துவிடும் என்று காசம்மாள் பயமுறுத்தியிருந்தாள்.

ருக்குமணி மண்சட்டியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டு, மூன்று நாளுக்கொரு முறை அங்கே போனாள். அங்கேயே காசம்மாளிடம் மீனை வாங்கி, கல் கூட்டி, சுட்டு, சட்டியைப் புதருக்குள் ஒளித்து வைத்து, தலை முழுகிவிட்டு வீடு திரும்பினாள். மழைக்காற்று வேறு. நாலாம் முழுக்கில் இருமல் பிடித்தது. ஆறாவதில் முழங்கால் மடங்க மாட்டேன் என்றது.

"ஏண்டி, சனிக்கிழமையும் அதுவுமா மீன் நாத்தம் வருது?"

"நாயி வாய்லேர்ந்து வருது. அது நாமம் போட்டுக்கல."

பலராமன் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டான். "பெருமாளுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"தெரியட்டும். பக்கிரியக் கூப்டது பெருமாள் இல்லியே."

ஐப்பசி முதல் நாள் காலை பக்கிரி கயிற்றோடு வந்து நின்றான். பலராமனைவிட மூத்தவன். செவலையின் முதுகில் கையை ஓட்டிப் பார்த்தான்.

"இன்னாப்பா பலராமா, சொறிநாயின்னு சொன்னே? நெய் தடவுனாப்பல இருக்குது."

"வாலாண்ட பாரு. இன்னும் சொட்டைதான்."

பக்கிரி வாலைத் தூக்கிப் பார்த்தான். வாலடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெறுந்தோல்தான்.

"இதுக்கா கயிறு? ஒந்தலையில இதவிடப் பெருசு இருக்குதே, ஒன்னய யாரு இழுத்துகினு போறது?"

பக்கிரி கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

பலராமன் தலையைத் தடவிக்கொண்டே கொல்லைக்குக் கிளம்பினான். "நாளைக்கு மீன்காரி வந்தா நமக்கும் சேத்து வாங்கு," என்றான்.

வாலடிக்கு இன்னும் ஒரு மாதமாவது ஆகும். செவலை வந்து அவள் கையை முகர்ந்தது. மாவு திரிக்க வேண்டும். முழங்காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ருக்குமணி, கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருக்கலாம் என்று அப்படியே இருந்தாள்.