நெற்றியில் கைவைத்திருந்த மனிதர்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் ஊர் நாறும். டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவைச் சுற்றியுள்ள வயல்களுக்குப் பன்றிச் சாணத்தைக் கரைத்து இறைக்கிற காலம் அது. யன்னலை ஒரு விரற்கடை திறந்தால் போதும், துவைத்து மடித்து அலுமாரிக்குள் வைத்த உடுப்பில்கூட அந்த மணம் ஏறிவிடும். டெனிஷ்காரர் வசந்தம் வந்துவிட்டதென்று சந்தோஷப்படுவார்கள். என் அம்மாவோ அந்த மாதம் முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரையும் நாட்டையும் திட்டித் தீர்ப்பவர். இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம் மட்டும் எங்கள் வரவேற்பறையின் யன்னல் பகல் முழுவதும் திறந்தே கிடந்தது, அம்மாவுக்கு மணக்கவேயில்லை. பதினொரு வயதில் நான் முதன்முதலாகப் பயந்தது அதற்குத்தான்.

அம்மா அப்போது மூக்கும் காதும் இல்லாத ஆளாய், வெறும் கண்ணாக மாறியிருந்தார். வரவேற்பறை மூலையில் கணினி ஒன்று இருந்தது. யுத்தம் நடந்த வன்னியிலிருந்து வந்த படங்களைத் தமிழ் இணையத்தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தன. முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை முடித்து வந்தவுடன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அம்மா அதன் முன்னால் போய் இருந்துவிடுவார். கறி கிளறிய கையாலேயே திரையில் ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். திரை முழுக்க மஞ்சள் கறை. நான் பக்கத்தில் போனால், "இஞ்சால பாக்காதை, உள்ளுக்குப் போ" என்று துரத்துவார். நான் கதவு நீக்கலால் பார்ப்பேன். பார்க்காதே என்றால் எந்தப் பிள்ளைதான் பார்க்காமல் இருக்கும்!

அம்மா தேடியது தன் ஒரே தம்பியை. எனக்கு அவர் 'சின்ன மாமா'. நான் அவரைக் கண்டதில்லை, படத்தில்கூட இல்லை. அந்தக் காலத்துப் பல பெண்களைப் போல அம்மாவும் கலியாணத்துக்கென்று தனியே டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டவர். எங்கள் வீட்டுக் கலியாண அல்பத்தில் பெண் வீட்டார் என்று ஒரு குருவிகூடக் கிடையாது. ஊரிலிருந்த பழைய படங்களெல்லாம் ஏதோவோர் இடப்பெயர்வில் விடுபட்டுப்போயின. ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி அம்மா கேட்டபோதெல்லாம், "அனுப்புறன் அக்கா, இப்ப என்ன அவசரம்" என்று சொல்லியே காலத்தைக் கடத்திய மனிதர் அவர். ஆகவே எனக்குச் சின்ன மாமா என்பது தொலைபேசியில் வருகிற ஓர் இருமல்தான். அந்த வருடத் தொடக்கத்தில் அதுவும் நின்றுபோயிற்று.

ஒரு நாள் அம்மா குளறினார். நானும் அப்பாவும் ஓடிப்போனோம். திரையில், பொட்டல் வெளியில் நிலத்தில் குந்தியிருந்த சனம். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒருவர் வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்திருந்தார்; கையின் நிழல் கண்ணையும் மூக்கையும் மூடியிருந்தது, ஒரு பக்கக் காதும், கீழே சாம்பல் நிறத்தில் கலங்கிய வாயும் நாடியும் மட்டும் தெரிந்தன. "தம்பி! என்ர தம்பி! அந்தக் காதைப் பாருங்கோ!" என்றார் அம்மா. அப்பா குனிந்து பார்த்தார். மாமாவை அவரும் கண்டதில்லையே, என்ன சொல்லுவார் பாவம். "ஓம், அப்பிடித்தான் கிடக்கு" என்றார். படத்தைப் பெருப்பித்தபோது ஆள் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்துபோனார். உடனே பழைய அளவுக்குக் குறைக்கச் சொல்லி அம்மா கத்தினார்.

அப்பா ஊர் நூலகத்தில் அந்தப் படத்தைக் கலரில் அச்செடுத்து, கடையில் கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வரவேற்பறைச் சுவரில் கொழுவிவிட்டார். இறைச்சித் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குளிரில் நிற்கிற மனிதர், மனைவியைச் சந்தோஷப்படுத்த அவருக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். வீட்டுக்குள் கால் வைத்த அம்மா அதைக் கண்டதும் ஆடிப்போனார். எங்கள் வீடுகளில் தனியாளின் படம் கண்ணாடிக்குள் சுவரேறுவது எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தது பொட்டும் மாலையும்தான். "உயிரோட இருக்கிறவனைச் சுவரில ஏத்திப்போட்டியளே, உங்களுக்கு மண்டைக்குள்ள என்ன களிமண்ணே?" என்று அம்மா கத்த, அப்பா கதிரையில் ஏறிப் படத்தை இறக்கினார். "அதில கன சனம் இருக்குதெல்லோ, ஒரு ஆளின்ர படமில்லைத்தானே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

அன்றிலிருந்து அந்தப் படத்துக்கு எங்கள் வீட்டில் இருக்க இடமில்லை. சுவர் கூடாது. சாமித்தட்டும் கூடாது. அலுமாரிக்குள் வைத்தால் ஆளைப் பூட்டி வைத்ததுபோல் இருக்கிறது என்பார் அம்மா. சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாளை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்.

ராணி அன்ரி எங்கள் அடுக்குமாடியின் அடுத்த வாசலில் இருந்தவர். அம்மாவை "அக்கா, அக்கா" என்று சுற்றிக்கொண்டிருப்பவர். நாட்டை விட்டு வரும்போது நாலு வயது மகனைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர், பிறகு கூப்பிடலாம் என்ற நம்பிக்கையில். கூப்பிடுகிற அலுவல் ஒவ்வொரு முறையும் ஏதோவொன்றில் தடக்குப்பட்டு, அந்த மகன் ஜூட் வன்னியிலேயே வளர்ந்து வாலிபனாகிவிட்டான். அந்த வருடம் அவனிடமிருந்தும் ஒரு தொடர்பும் இல்லை. மூன்று சில்லுச் சைக்கிளில் இருக்கிற ஒரு பிள்ளைப் படம்தான் அன்ரியிடம் இருந்த ஜூட். தேத்தண்ணி குடிக்க வந்தவரிடம் அம்மா தாளை எடுத்து நீட்டினார். அன்ரி பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"அக்கா, இது என்ர ஜூட் எல்லோ."

"உனக்கென்ன விசரே? அது என்ர தம்பி. காதைப் பார்."

"காது கிடக்கட்டும், கையைப் பாருங்கோ. சின்னனிலையும் வெயிலுக்கு இப்பிடித்தான் கை பிடிப்பான்."

"வெயிலுக்கு ஆர்தான் கை பிடிக்கிறேல்லை!"

அந்த ஆளுக்கு முப்பத்தைந்து வயதா, பத்தொன்பது வயதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை நாளும் "இஞ்சால பாக்காதை" என்று துரத்தப்பட்ட என்னைக் கையில் பிடித்து இழுத்தார் அம்மா. "பிள்ளை, உன்ர கண் இளங்கண். வடிவாப் பாத்துச் சொல்லு, ஆர் இது?" நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு கை, ஒரு நாடி, நிறைய மண். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரியாது என்று டெனிஷில் சொன்னேன். தமிழில் சொல்ல நா எழவில்லை.

அன்ரிதான் பிறகு, "அக்கா, நீங்கள் துலைச்சது தம்பியை. நான் துலைச்சது பெத்த பிள்ளையை" என்றார்.

"பெத்தனி சரி, வளத்தனியே?" என்றார் அம்மா.

ஐயோ, அந்தச் சொல்! அன்ரி எழுந்து போனார். குடிக்காத தேத்தண்ணியை அம்மா கழுவுதொட்டியில் ஊற்றினார்.

அதன்பின் அம்மா நித்திரை கொள்வதை விட்டார். வேலையிடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர், ஒரு முதியவரின் கட்டிலில் போய் இருந்து கைப்பையைத் திறந்து தாளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அங்கிருந்த பொறுப்பாளர் நல்ல மனுசி. வைத்தியருக்குச் சொல்ல, வைத்தியர் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். அப்பாவுக்கு வேலை என்பதால் வழிகாட்ட நான் போனேன். நரைத்த தலையும் மரச் செருப்புமாக ஒரு வயதான பெண்மணி. மேசையில் ஒரு தொலைபேசி. அதற்குள்ளிருந்து மொழிபெயர்ப்பாளர் பேசினார். கொப்பன்ஹேகனில் எங்கோ இருந்த தமிழ்நாட்டுக்காரர்.

அம்மா முதல் வேலையாகத் தாளை எடுத்து மேசையில் விரித்து, "இந்தா, இதில நிக்கிறவன்தான்" என்றார்.

"மேடம், எனக்கு போட்டோ தெரியாதுங்க. என்ன இருக்குன்னு வாயால சொல்லுங்க" என்றது தொலைபேசி.

"நான் என்னெண்டு சொல்லுறது தம்பி? நீங்கள் ஒருக்காப் பாத்தியளெண்டால் விளங்கும்."

"பாக்க முடியாதுங்களே மேடம்."

மூன்று பேருக்கும் நடுவே அந்தத் தாள் சும்மா கிடந்தது. உளவியலாளர் அதை மெல்லக் குப்புறத் திருப்பி வைத்தார். இப்போது அறையில் யாருக்குமே படம் தெரியாது, இனி உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், இன்றைக்கும் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அம்மாவும் உசாராகத்தான் தொடங்கினார். சைக்கிள் ஓட்டப் பழக்கியது, தோசைக்குச் சண்டை பிடித்தது, சோதனையில் கோட்டை விட்டுவிட்டு வேப்பமரத்தில் ஏறி ஒளித்திருந்தது. தொலைபேசி எல்லாவற்றையும் டெனிஷில் சொல்லிக்கொண்டு வந்தது. மரத்திலிருந்து எட்டிப் பார்த்த இடத்தில் அம்மா நின்றுவிட்டார். கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"முகம் வருகுதில்லை" என்றார். "மரத்தில இருக்கிறான், ஆனா இந்தப் படத்தில இருக்கிற மாதிரித்தான் இருக்கிறான். கையை வச்சுக்கொண்டு. என்ர தம்பியின்ர முகம் எங்க? ஐயோ பிள்ளை, மாமான்ர முகம் எனக்கு வருகுதில்லையடி!"

என்னிடம் கேட்டு என்ன செய்ய? தொலைபேசி அந்த வசனத்தை டெனிஷில் சொன்னது. பிறகு, "அக்கா, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலக்கா" என்றது தமிழில். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. உளவியலாளர் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அம்மா பக்கம் தள்ளினார். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வளர்ந்து ஓர்ஹூஸ் நகரத்தில் உளவியல் படிக்கப் போனேன், பாதியில் விட்டுவிட்டேன். அங்கே கேட்டதில் ஒன்று மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது. கனவு படங்களால்தான் பேசுமாம், படத்துக்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாதாம். உண்மைதானே: அடுப்பில் பானை இருப்பதை வரையலாம், பானை இல்லை என்பதை வரையச் சொன்னால் வெறும் அடுப்பைத்தான் வரைவோம். நான் உன் தம்பி இல்லை என்று அந்தப் படம் ஒருநாளும் அம்மாவிடம் சொல்லியிருக்காது. சொல்ல வாய் உள்ளவர்கள் நாங்கள், எங்களுக்கும் வாய் வரவில்லை. டெனிஷில் தொலைந்த ஆளை 'மறைந்துபோனார்' என்பார்கள், அதில் பொறுப்புப் போனவருடையது. நாங்கள் 'ஆளைக் காணேல்லை' என்போம். அப்படியென்றால் காணாதது என் பிழை. இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் கண்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை அந்தச் சொல்லுக்குள்ளேயே குந்தியிருக்கிறது. அம்மா போன்றவர்கள் அந்தச் சொல்லோடுதான் திரைக்கு முன்னால் இருந்தார்கள்.

மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. எங்கள் வீட்டில் சமையல் நின்றது, எதிர்ப்பக்க வீட்டுக்காரர் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மாமாவைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை, ஜூட்டைப் பற்றியும் வரவில்லை. கோடை விடுமுறை தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் ராணி அன்ரி மணியடிக்காமல் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அம்மா எழுந்து தேத்தண்ணி போட்டார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தாளை மடியில் விரித்தார்கள்.

"உங்கட தம்பியெண்டாலும் எனக்குச் சந்தோசம்தான் அக்கா."

"உன்ர பெடியனாவே இருக்கட்டும் ராணி. ஆரோ ஒரு ஆள் இருந்தாக் காணும்."

அது சமாதானம் என்று அன்று நினைத்தேன். களைத்துப்போய்விட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த அடுக்குமாடியில் இன்று எங்கள் ஆட்கள் அனேகமாக இல்லை. பாதிப்பேர் கொப்பன்ஹேகனை ஒட்டிய புரொண்பிப் பக்கமும் மீதிப்பேர் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். மேசையை அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கணினிகள் குப்பைக்குப் போயின. படங்கள் போட்ட இணையத்தளங்கள் பல திறப்பதேயில்லை. பின்னேரத்தில் நாலு குடும்பம் ஒரு திரைக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த காலம் ஒன்று இருந்ததென்று என் ஒன்றுவிட்ட அண்ணனின் பிள்ளைகளிடம் சொன்னால், "வஃபோ?" என்று டெனிஷில் ஏன் என்று கேட்கிறார்கள்.

போன வருடம் தற்செயலாக அந்தப் படம் மறுபடி அகப்பட்டது. யாரோ பழைய படங்களையெல்லாம் சேர்த்து, மூலத்தின் முழு அளவில் பதிவேற்றியிருந்தார்கள். பெருப்பித்தேன். இம்முறை ஆள் உடையவில்லை. கைநிழலுக்குள் கண்கள் தெரிந்தன. அன்று நாடியில் சாம்பல் நிறமாகக் கலங்கித் தெரிந்தது உண்மையில் வெள்ளைத் தாடி. அறுபது வயதுக்குக் குறையாத ஒரு கிழவர், ஒரு கண்ணில் பூ விழுந்தவர்.

அம்மாவுக்குக் காட்டுவதா விடுவதா என்று நாட்கணக்காக மண்டையை உடைத்தேன். பிறகு ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போய், கைபேசியை நீட்டிவிட்டேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"பாவம், இந்த மனுசனையும் ஆரோ தேடியிருப்பினம் என்ன" என்றார். நாங்கள் அந்தாளை ஒருநாளும் அந்தாளாகப் பார்த்ததில்லை.

கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, சமையலறைக்குப் போனவர் வாசலில் நின்று திரும்பினார்.

"ராணிக்குக் காட்டிப்போடாதை பிள்ளை. அவள் இப்பவும் ஜூட்டின்ர பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுறவள்."